கரண்ட் போனாலும் பாட்டு நிற்பதில்லை

போன மாதம் ஹோட்டலில் உங்கள் குழு வாசித்ததைப் பின்வரிசை மேசையில் உட்கார்ந்து கேட்டேன். சூப் ஆறிப்போகிற அளவுக்குக் கவனமாகவே கேட்டேன். நன்றாக வாசிக்கிறீர்கள். விரல் ஓடுகிறது, சத்தம் சுத்தமாக வருகிறது. பேஸ் கிட்டார் வாசிக்கிற பெண்ணுக்கு என்னைவிட நல்ல கை, அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் பாட்டு முடிகிறவரை நீங்கள் யாரும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு டேப்லெட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு வெளியே வந்து, "அங்கிள், இத்தனை பாட்டோட கார்டையும் எப்படி மனப்பாடம் பண்ணுனீங்க?" என்று கேட்டீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவிவிட்டேன். பஸ் ஒன்றும் அவசரமில்லை. நின்றுகொண்டே சொல்லும்படியான பதில் என்னிடம் இல்லை, அவ்வளவுதான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமை இருந்தால் படியுங்கள். இல்லாவிட்டால் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருங்கள், யார் கேட்கப்போகிறார்கள்.

என்னை அதிகம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்தவர்கள். நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். பகலில் ஒரு நிட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழுவோடு பேஸ். விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தபோது எல்லாவற்றிலிருந்தும் ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றேன்.

ஜாஸ் என்னிடம் வந்தது ஒரு கல்யாண வரவேற்பில். சாப்பிட்டு முடித்த கையோடு ஒருவர் மேடை ஏறி வந்தார். அருள்புரத்தில் கார்மெண்ட்ஸ் கம்பெனி வைத்திருப்பவர். விவசாயக் குடும்பம், என் வயதுதான். படிக்க வெளிநாடு போய், டெக்ஸ்டைலைக் கொஞ்சமும் ஜாஸ் பியானோவை நிறையவும் படித்துவிட்டு வந்தவர். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் பியானோக்காரர் என்றே சொல்கிறேன். துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர்கள் தங்கும் ஹோட்டலில் சனிக்கிழமை சாயங்காலம் வாசிக்க ஒரு சின்னக் குழு வேண்டும் என்றார். எனக்கு ஜாஸ் தெரியாது என்றேன்.

"நீங்க பாடறவிங்களப் பாத்து வாசிக்கறீங்க. அது போதுமுங்க. மத்ததப் படிச்சுக்கலாம்" என்றார்.

அப்படித்தான் நாலு பேர் சேர்ந்தோம். டிரம்ஸுக்கு, பிரிண்டிங் யூனிட்டில் வேலை பார்த்த மணிப்பூர்க்காரர். "ஓகேண்ணா" என்ற ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு திருப்பூரில் பல வருஷம் ஓட்டியவர். பாட்டுக்கு ரூபி. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் இருந்தவள், திருநெல்வேலிப் பக்கம். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற வேலை அது. நாள் முழுக்க போனில் இங்கிலீஷ் பேசிப் பேசி அவளுக்குக் குரலே ஒரு சொத்து. சாயங்காலம் அதே குரலில் பாடும்போது, இது பகலில் ஷிப்மெண்ட் தேதிக்குச் சண்டை போட்ட குரல் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

உங்களுக்குத் தெரிந்ததையே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற உங்கள் அப்பா அம்மாவுக்கும் புரியட்டும். ஜாஸ்காரர்கள் எல்லோரும் வாசிக்கிற பொதுவான பழைய பாட்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் சின்னதுதான். பாடகி ஒரு முறை பாடி முடிப்பாள். பிறகு அதே கார்டுகளின் மேல், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடுகிற சுரக்கூட்டுகளின் மேல், ஒவ்வொருவரும் தம் மனம்போல வாசித்துச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் மறுபடி பாட்டில் போய்ச் சேர வேண்டும். அந்தச் சுற்றில் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டே நடக்கிறவன் பேஸ்காரன். அவன் வழி தவறினால் நாலு பேரும் நாலு ரோட்டில் நிற்பார்கள்.

இதை மேடையில் பேப்பர் இல்லாமல் செய்ய வேண்டும் என்பது பியானோக்காரரின் சட்டம். வேறு எதிலும் அவர் கறார் கிடையாது. லேட்டாக வந்தால் சிரிப்பார். தப்பாக வாசித்தால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார். பேப்பரைப் பார்த்தால் மட்டும் முகம் மாறிவிடும். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "பேப்பரப் பாத்துட்டே பேசறவனோட யாருங்க பேசுவாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

சரி, மனப்பாடம் செய்யலாம் என்று இறங்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே மனப்பாடம் நிட்டிங் தளத்து மனப்பாடம். கோடு போட்ட டி-ஷர்ட் துணிக்கு, எந்தக் கலர் நூலுக்கு அடுத்து எந்தக் கலர் என்று ஒரு வரிசை இருக்கும். ஸ்ட்ரைப் ரிப்பீட் என்போம். நேவி, வெள்ளை, நேவி, மெரூன் என்று அந்த வரிசைப்படி நூல் கோன்களை மாட்டினால் மெஷின் சுற்றச் சுற்ற அதே கோடுகள் திரும்பத் திரும்ப விழும். எவ்வளவு நீளமான வரிசையானாலும் ஒரு தரம் பார்த்தால் எனக்கு மறக்காது. ஆகவே ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு கலர் கொடுத்தேன். எஃப் மைனர் மெரூன். பி ஃபிளாட் மஞ்சள். ஈ ஃபிளாட் நேவி. பாட்டை ஒரு நீளமான துணியாக மனதில் விரித்துக்கொண்டு கோடு கோடாக வாசித்தேன்.

சிரிக்காதீர்கள், வேலை செய்தது. கொஞ்ச மாதத்தில் பத்துப் பதினைந்து பாட்டு கைக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கும். இந்தப் பாட்டுகள் பலவற்றில் ஒரே மாதிரி பகுதி இரண்டு தடவை வரும், பிறகு வேறு மாதிரி ஒரு நடுப்பகுதி, பிறகு மறுபடி பழைய பகுதி. தனியாகக் கேட்கும்போது சுலபம். ஆனால் சுற்றி வரும்போது கடைசிப் பகுதியும், அடுத்த சுற்றின் முதல் இரண்டு பகுதிகளும் சேர்ந்து, ஒரே மாதிரி மூன்று பகுதிகள் வரிசையாக வந்து நிற்கும். இது இரண்டாவதா மூன்றாவதா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தால் முடிந்தது கதை. நடுப்பகுதிக்கு எல்லோரும் திரும்பியிருப்பார்கள், நீங்கள் மட்டும் நேராகப் போய்க்கொண்டிருப்பீர்கள். மருந்து ஒன்றுதான். கார்டை எண்ணாதீர்கள், பாட்டின் வரியை மனதுக்குள் பாடிக்கொண்டே வாசியுங்கள். வரி தெரிந்தவனுக்கு இடம் தவறாது. ரூபியிடம் நான் முதலில் கேட்டு வாங்கியது பாட்டு வரிகளைத்தான்.

அப்போது கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாத காலம். ஒரு சனிக்கிழமை. பாட்டு நடுவில் ஹோட்டல் முழுக்கக் கரண்ட் போனது. என் கிட்டாரின் ஆம்ப் பெட்டி ஊமை, பியானோக்காரரின் கீபோர்டு ஊமை, மைக்கும் ஊமை. மிச்சமிருந்தது டிரம்ஸ் பிரஷ்ஷின் சரசரப்பும் ரூபியின் வெறும் குரலும்தான். ரூபி நிறுத்தவில்லை. மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, கொஞ்சம் முன்னால் வந்து, குரலை உயர்த்தாமல் பாடினாள். அதுவரை அவளைக் கேட்காமல் பேசிக்கொண்டிருந்த மேசைகள் அடங்கின.

ஜெனரேட்டர் பிடித்தது. ஆம்பில் சிவப்பு விளக்கு வந்தது. நான் பெருமையோடு, விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடர்ந்தேன்.

விட்ட இடம் என்பதைக் கவனியுங்கள். நிட்டிங் தளத்தில் அதுதான் முறை. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். வந்ததும் நின்ற இடத்திலிருந்தே பின்னும். துணியில் குறுக்கே ஒரு சின்னக் கோடு விழும், அவ்வளவுதான், ஒரு கலரும் விட்டுப்போகாது. பல வருஷ வேலையில் என் உடம்பில் ஊறிய பழக்கம் அது. ஆனால் ரூபி இதற்குள் நடுப்பகுதியைத் தாண்டியிருந்தாள். பியானோக்காரர் அவள் இருந்த இடத்தில் வந்து சேர்ந்துகொண்டார். நான் மட்டும் பழைய தெருவிலேயே நின்றுகொண்டு நேவி, மெரூன் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கேட்கச் சகிக்கவில்லை. ரூபி திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த வரியின் முதல் சொல்லை ஒரு அழுத்து அழுத்திப் பாடினாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கரையேறினேன்.

இடைவேளையில் கரண்ட்டைத் திட்டினேன், ஆம்பைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை. பியானோக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கரண்ட் போனா உங்க மெஷின் நிக்குமுங்க. அவிங்க நிக்கலீங்களே" என்றார்.

அன்றிலிருந்து என் சாதகம் மாறியது. பாட்டை ஓடவிட்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவேன். டீ போடுவேன், சட்டைக்குப் பொத்தான் தைப்பேன், மனதுக்குள் பாட்டு போய்க்கொண்டே இருக்கும். பிறகு சட்டென்று சத்தத்தைக் கூட்டிப் பார்ப்பேன். நான் இருக்கும் இடமும் பாட்டு இருக்கும் இடமும் ஒன்றாக இருந்தால் அன்றைக்கு எனக்கு ஒரு வடை உபரி. நீங்களும் செய்து பாருங்கள். வாசிக்கும்போது தெரிகிற பாட்டு பாதிப் பாட்டுதான். நீங்கள் வாசிக்காதபோதும் உங்களுக்குள் நடந்துகொண்டிருக்கிற பாட்டுதான் உங்களுடையது.

இப்படிச் சில வருஷம் நன்றாகப் போனது. அப்புறம் ரூபியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள், கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். பயப்படும்படியாக ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. சர்ச்சில் நன்றி சொல்லி ஜெபம் செய்தோம். ஆனால் கட்டியோடு அவள் குரலும் எங்கோ போய்விட்டது. பேசினால் பாதி காற்றாக வந்தது. நரம்பு தேறக் காலமாகும், முழுக்கத் தேறலாம், தேறாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

அவள் வராத சனிக்கிழமைகளில் நாங்கள் மூவரும் பாட்டில்லாமல் வாசித்தோம். ஒரு தடவை கோயம்புத்தூரிலிருந்து ஒரு பாடகியை வரவழைத்தார் பியானோக்காரர். நல்ல பாடகி, தங்கமான பெண். மேடையில் ஏறியதும் என்னிடம் குனிந்து, இந்தப் பாட்டை வேறு கீயில், அதாவது வேறு சுருதியில், எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் பெரிய வித்வான் மாதிரித் தலையாட்டினேன். பாட்டு ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. நேவியில் ஆரம்பிக்க வேண்டிய துணி இப்போது வேறு ஏதோ கலரில் ஆரம்பிக்கிறது. அடுத்தது மெரூன் இல்லை. என்ன என்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற பாட்டில் எனக்கு ஒரு கோடு கூடத் தெரியவில்லை. பியானோக்காரர் இடது கையால் என் வேலையையும் சேர்த்து வாசித்துக்கொண்டே, "செத்த நேரம் சும்மா நில்லுங்க" என்று மெதுவாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் மேடையில் கிட்டாரை மாட்டிக்கொண்டு சும்மா நிற்பது போல ஒரு வேதனை கிடையாது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனால் ஒரு ஸ்ட்ரைப் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே கோடு, மூன்று காம்போ. அதாவது டிசைன் ஒன்றுதான், கலர் ஜோடி மட்டும் மூன்று விதம். ஒரு காம்போ முடிந்ததும் ஆபரேட்டர் நேவி கோனைக் கழற்றிவிட்டுப் பச்சையை மாட்டினார், மெரூனைக் கழற்றிவிட்டு சாம்பலை மாட்டினார். மெஷின் செட்டிங்கில் கைவைக்கவே இல்லை. ஓடவிட்டார். அதே கோடுகள் விழுந்தன.

அங்கேயே நின்றுவிட்டேன். வருஷக்கணக்காக தினமும் பார்க்கிற காட்சி. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். நான் மனப்பாடம் செய்தது கலரை. செய்திருக்க வேண்டியது கோட்டை. முதல் நூல் எங்கே இருக்கிறது, அடுத்தது அதிலிருந்து எவ்வளவு தூரம், எங்கே வெளியே போகிறது, எங்கே திரும்பி வருகிறது, அது மட்டும் தெரிந்தால் போதும். எந்தக் கோனையும் மாட்டிக்கொள்ளலாம். பியானோக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கு இது பால்யத்திலேயே தெரிந்த விஷயம். ஆனாலும் அப்போதுதான் முதல் முறை கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டார். "எங்க சுத்துனாலும் ஊடு எங்கிருக்குதுன்னு தெரிஞ்சாப் போதுமுங்க" என்றார். அந்த மனுஷரின் பெரிய குணம் அது.

ரூபி இல்லாத மாதங்களில் ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து படித்தேன், ஒவ்வொன்றையும் எல்லாக் கீயிலும். சலிப்பான வேலை. அவள் திரும்பி வரும்போது எந்தக் கீயைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு உள்ளுக்குள் இருந்தது.

இதற்கிடையில் அவளைச் சர்ச்சில் பார்ப்பேன். பாடகர் குழுவை விட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பாள். ஒரு நாள் வெளியே வரும்போது ஆபீஸ் கதை ஒன்று சொன்னாள். அவளோடு பல வருஷம் பேசிய ஒரு பையருக்கு போன் செய்தாளாம். எல்லா விவரமும் பேசி முடித்த பிறகு அவர், சரி, இப்போது ரூபியிடம் கொடுங்கள் என்றாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து, வருகிற சனிக்கிழமை ஒரே ஒரு பாட்டு பாடிப் பார்க்கிறேன் என்றாள். அவளுடைய பாட்டு என்று எல்லோரும் சொல்கிற அந்த மெதுவான பாட்டு. பழைய பையர்கள் ஊருக்கு வந்தாலே அதைத்தான் கேட்பார்கள். நடுப்பகுதியில் குரல் படிப்படியாக ஏறி உச்சியில் ஒரு கணம் நிற்கும். கீயைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளலாமே என்று பியானோக்காரர் பக்குவமாகத்தான் கேட்டார். அவள் ஒப்பவில்லை. ரிகர்சலும் வேண்டாம் என்றாள். என்னிடம் தனியாக வந்து காரணத்தைச் சொன்னாள்.

"பழைய கீயிலேயே இருக்கட்டும் அண்ணாச்சி. வந்தா வரட்டும். வரலன்னா இனிமே என்னைய மேடைக்குக் கூப்பிடாதீங்க. சர்ச்சுலயும் கேக்காதீங்க."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. ஹாலில் பாதி மேசைகள் நிறைந்திருந்தன. ரூபி ஒரு பிளாஸ்க்கில் வெந்நீரோடு வந்தாள். கழுத்தில் தழும்பு தெரியாதபடி துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். பாட்டு ஆரம்பித்தது. முதல் பகுதி தாழ்வான இடம், குரல் கரகரத்தாலும் வந்துவிட்டது. இரண்டாவது பகுதியும் வந்தது. பியானோக்காரர் முகத்தில் வெளிச்சம். எனக்கும் ஆசை எழும்பியது. நடுப்பகுதியில் ஏறினாள். முதல் படி, இரண்டாவது படி. உச்சிக்கு முந்தின சொல்லில் குரல் காற்றாகிப் போனது. உச்சியில் வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை.

நிறுத்திவிட்டாள். மைக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கண் மேடையின் ஓரத்துப் படியைப் பார்த்தது. இறங்கிப் போய்விடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

பியானோக்காரர் வலது கையைத் தூக்கினார். அவள் விட்ட வரியை அவர் வாசித்து மூடிவிடப் போகிறார். அது தப்பில்லை, நல்ல பியானோக்காரர் யாரும் அதைத்தான் செய்வார்கள். கேட்கிற ஆட்களுக்கும் தெரியாமல் போய்விடும். ஆனால் அவள் வரியை வேறொருவர் வாசித்துவிட்டால் அந்த மேடையில் அவளுக்கு வேலை இல்லாமல் போகும். அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தேன். அத்தனை வருஷத்தில் அவரிடம் நான் ஒன்றை வேண்டாம் என்று சொன்ன ஒரே தடவை அதுதான். கையை இறக்கிவிட்டார். அடியில் கார்டை மட்டும் மெதுவாகப் பிடித்தார்.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது, மேலே யாரும் இல்லாமல். ஒரு அலங்காரமும் இல்லாமல் நடந்தேன். ஒவ்வொரு நோட்டையும் அவளுக்குக் கேட்கும்படி வைத்தேன். வரிகளை உள்ளுக்குள் நான் பாடிக்கொண்டிருந்தேன். நடுப்பகுதி முடிந்தது. கடைசிப் பகுதியும் முடியப் போகிறது. அவள் போகவில்லை, பாடவும் இல்லை. அடுத்த சுற்று ஆரம்பித்தால் அதே உச்சி மறுபடி வரும். மறுபடி அங்கே போய் முட்டிக்கொள்ளவா? இறக்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தது போலத்தான் ஆகியிருந்தது. ஊரறிய இறக்கினால், உன்னால் முடியாது என்று நானே முகத்துக்கு நேராகச் சொல்வது போலவும் ஆகும். யோசிக்கக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம்.

வழக்கமாக அந்த இடத்தில் எஃப், பி ஃபிளாட் என்று வாசித்து மறுபடி ஈ ஃபிளாட்டில் போய் உட்கார வேண்டும். நான் சி வாசித்தேன். பியானோக்காரரின் புருவம் உயர்ந்தது. அடுத்து எஃப் வாசித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது, கூடவே வந்தார். பழைய இடத்திலிருந்து நன்றாகத் தள்ளிக் கீழே, பி ஃபிளாட் கீயில் இறங்கி நின்றோம். டிரம்ஸ்காரருக்கு கீ எதுவானாலும் ஒன்றுதான், அவர் பாட்டுக்கு பிரஷ்ஷைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே அந்த ஒரே நோட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இதுதான் தரை, காலை வை என்று வேறு எப்படிச் சொல்வது.

முதல் வரி காலியாகவே போனது. இரண்டாவது வரியில் ரூபி வந்தாள்.

அது பழைய குரல் இல்லை. பாதி பேசுவது போல, அடியிலிருந்து வருகிற, கொஞ்சம் காய்ந்த ஒரு குரல். இத்தனை வருஷம் அதே வரிகளைக் கேட்டிருக்கிறேன், பாட்டில் வருகிற அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று அன்றுதான் எனக்குக் கேட்டது. நடுப்பகுதி வந்தது. ஏறினாள். உச்சியில் குரல் நடுங்கியது, ஆனால் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க கிட்டாரின் மேல் குனிந்துகொண்டேன். பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள், எப்போதும் தட்டுவது போலத்தான். நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

பிள்ளைகளே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். அவள் பாட்டை நிறுத்தின நேரத்தில் நான் ஒரு பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தால் படியைப் பார்த்த அவள் கண்ணைப் பார்த்திருக்க மாட்டேன். கார்டுகளை மனப்பாடம் செய்வது நாம் நன்றாக வாசிப்பதற்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. கூட நிற்கிறவருக்கு ஒன்று ஆகும்போது கண்ணும் மனசும் நம்மிடம் சும்மா இருக்க வேண்டும், அதற்காக.

ஆனால் அப்போது இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. பயந்துகொண்டிருந்தேன். பாட்டு முழுக்க அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இடைவேளையில் பிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"எறக்க வேண்டாம்னு சொன்னேம்லா அண்ணாச்சி?"

கை தானாகப் போய்விட்டது என்றேன். அவள் நம்பவில்லை. வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள்.

"போயிரலாம்னுதான் நின்னேன். ஆனா எவ்வளவு நேரமானாலும் என் வரிய ஒருத்தரும் எடுக்கல. எடத்தக் காலியா வச்சிக்கிட்டு வாசிச்சிக்கிட்டே இருந்திய. வுட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டு, தேவையில்லாமல் கம்பிகளைச் சுருதி பார்த்தேன். பியானோக்காரர் தூரத்திலிருந்து, ஆரம்பிக்கலாமா, ரூபி வீட்டுக்குப் போகிறாளா என்று சைகையில் கேட்டார். ஒரே ஒரு பாட்டு என்றுதானே பேச்சு. அவளைப் பார்த்தேன்.

"அடுத்த பாட்டையும் எறக்கிருங்க" என்றாள்.

பிளாஸ்க்கை என் ஆம்பின் மேல் வைத்துவிட்டு, எங்களுக்கு முன்னால் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.